எவ்வளவு முடுக்கினால் போதும்? சைக்கிள் நட்டு, போல்ட் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: கழன்றுவிட்டது, அல்லது உடைந்துவிட்டது. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒரே ஸ்பேனர்தான். புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துக் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம். உப்புக்காற்று அந்த ஊர்களுக்கென்று தனியாக ஒரு தொல்லை கொடுக்கிறது.

கேள்வி: கியர் சைக்கிள் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மில் ‘மேக்ஸ் 5 என்எம்’ என்று பொறித்திருக்கிறார்கள். கடையில் கேட்டால், “கைப்பிடிக்கு முடுக்கினால் போதும் தம்பி” என்கிறார். அவர் கைப்பிடியும் என் கைப்பிடியும் ஒன்றாகுமா? முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்க இப்போது வசதியில்லை.
— கல்லூரி மாணவர், முத்தியால்பேட்டை

பதில்: ஒன்றாகாது. இருபது வருடம் ஸ்பேனர் பிடித்த கைக்கு அளவு தெரியும். அந்த அளவை வாயால் சொல்லித்தர முடியாது என்பதால்தான் எண்ணாகப் பொறிக்கிறார்கள். ‘என்எம்’ என்பது நியூட்டன் மீட்டர், முறுக்கை அளக்கும் அலகு.

போல்ட் எப்படிப் பிடிக்கிறது என்று முதலில் பார்ப்போம். முடுக்கும்போது அது மயிரிழை அளவு நீள்கிறது. நீண்ட உலோகம் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் சேர்த்து நெருக்குகிறது. இழுப்பு குறைந்தால் பாகங்கள் ஒன்றின்மேல் ஒன்று நழுவும், போல்ட் தானாகக் கழலும். அளவுக்கு மீறினால் போல்ட் நீண்டபடியே நின்றுவிடும். இல்லையென்றால் அலுமினிய மரை உரிந்துகொண்டு வரும்.

நீங்கள் ஸ்பேனரில் கொடுக்கும் முறுக்கு முழுவதும் இந்த இழுப்பாக மாறுவதில்லை. ஏறக்குறைய பாதி, போல்ட் தலைக்கு அடியில் உரசலில் போய்விடும். இன்னொரு 40 சதவீதம் மரைக்குள் உரசலில் கரையும். மிச்சம் பத்து சதவீதம்தான் வேலை செய்கிறது. துருப்பிடித்த, காய்ந்த மரையில் போல்ட் கல் மாதிரி இறுகியதாகக் கை சொல்லும், ஆனால் பிடிப்பு இருக்காது. கிரீஸ் தடவிய மரையில் அதே முறுக்குக்குப் பிடிப்பு கூடுதலாகக் கிடைக்கும். அதனால் போல்ட்டைக் கழற்றி, துணியால் துடைத்து, மரையிலும் தலைக்கு அடியிலும் மெல்லிசாகக் கிரீஸ் தடவிய பிறகுதான் அளவு பார்க்க வேண்டும்.

டார்க் ரெஞ்ச் இல்லையா? மீன் கடையிலும் பழைய பேப்பர் கடையிலும் தொங்குகிற கொக்கித் தராசு போதும். கணக்கு எளிது. போல்ட்டின் நடுவிலிருந்து கொக்கி மாட்டும் இடம் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அதைத் தராசு காட்டும் கிலோவால் பெருக்கிப் பத்தால் வகுத்தால், கிடைப்பது ஏறக்குறைய நியூட்டன் மீட்டர். ஆலன் கீ என்கிற ‘எல்’ வடிவச் சாவியின் குட்டைக் காலைப் போல்ட்டில் செருகி, நீளக் காலில் 10 செ.மீ. தள்ளி நூல் கட்டி, 5 கிலோ காட்டும் வரை இழுத்தால் 5 நியூட்டன் மீட்டர். சாவி அவ்வளவு நீளமில்லை என்றால் 8 செ.மீ.யில் 6 கிலோ. இழுக்கும் திசை சாவிக்கு நேர் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் கணக்கு தப்பும். வெடுக்கென்று இழுக்காதீர்கள். போல்ட் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

ஹேண்டில்பாரை ஸ்டெம்மோடு சேர்த்துப் பிடிக்கும் முகப்பு மூடியில் நான்கு போல்ட் இருக்கும். ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் மூடி கோணிக்கொள்ளும். கடைசியில் இறுக்கியவை மட்டும் சுமை தாங்கும். குறுக்காகப் போங்கள்: மேல் இடது, கீழ் வலது, மேல் வலது, கீழ் இடது. முதல் சுற்றில் 2, அடுத்து 4, பிறகு 5 நியூட்டன் மீட்டர். நான்காவதை முடித்ததும் முதலாவது கொஞ்சம் தளர்ந்திருக்கும், அதனால் இன்னொரு சுற்று வரவேண்டும். மூடிக்கும் ஸ்டெம்முக்கும் நடுவே மேலும் கீழும் இடைவெளி சமமா என்று பாருங்கள். மேல்பக்கம் முட்டிக்கொள்ளும்படியே செய்த ஸ்டெம்களும் உண்டு. அது அதன் குறிப்பேட்டில் இருக்கும்.

‘மேக்ஸ்’ என்பது உச்சவரம்பு. நாலரையில் ஹேண்டில்பார் அசையாமல் நின்றால் அதோடு விட்டுவிடலாம். முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கி ஹேண்டில்பாரைத் திருகிப் பாருங்கள். பிறகு பிரேக் பிடிக்குமிடத்தில் உடல் எடையைப் போட்டு அழுத்துங்கள். இரண்டிலும் நழுவவில்லை என்றால் சரி. கார்பன் ஹேண்டில்பாராக இருந்தால் பார் பிடிபடும் இடத்தில் கிரீஸ் கூடாது. கார்பனுக்கென்று விற்கும் பசையைத்தான் தடவ வேண்டும். அதில் உள்ள பொடித்துகள் குறைந்த இறுக்கத்திலேயே பிடிப்பைக் கொடுக்கும்.

கேள்வி: இடது பெடல் இரண்டு முறை கழன்று விழுந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் நன்றாக முடுக்கித்தான் மாட்டினேன். இப்போது பெடலைத் தாங்கும் கிராங்கில் மரையே போய்விட்டது என்கிறார் மெக்கானிக். வலது பக்கம் மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை?
— கடலூர் முதுநகர் வாசகர்

பதில்: இடது பெடலுக்கு எதிர்மரை. மற்ற போல்ட் எல்லாம் கடிகாரத் திசையில் இறுகும். இது மட்டும் மறுபக்கம். நீங்கள் வழக்கமான திசையில் திருப்பி, அது ஏறாதபோது பலத்தைக் காட்டியிருந்தால் முதல் இரண்டு மரையை அப்போதே நசுக்கியிருப்பீர்கள். குழப்பமில்லாமல் நினைவு வைத்துக்கொள்ள ஒரு வழி: ஸ்பேனரைப் பெடல் அச்சில் மாட்டி மேல்நோக்கி நிறுத்துங்கள். முன் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இறுகும், பின் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் கழலும். இரண்டு பக்கத்துக்கும் இது பொருந்தும்.

எதிர்மரை வைத்ததற்குக் காரணம் உண்டு. மிதிக்கும்போது பெடல் அச்சு துளைக்குள் ஒரு பக்கமாக அழுந்தி, அந்த அழுத்தம் துளையைச் சுற்றிக்கொண்டே போகிறது. அதனால் அச்சு, கிராங்கு சுற்றும் அதே திசையில் மெல்ல உருளப் பார்க்கும். இடது பக்கத்தில் சாதாரண மரை இருந்தால் இந்த உருளலே அதைக் கழற்றிவிடும்.

பெடலில் ‘எல்’, ‘ஆர்’ என்று பொறித்திருப்பதைப் பார்த்து, கிரீஸ் தடவி, முதல் ஐந்தாறு சுற்றுகளை விரலாலேயே ஏற்றுங்கள். விரலில் ஏறவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது, வெளியே எடுங்கள். விரல் நின்ற பிறகுதான் ஸ்பேனர். 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வேண்டும், 25 செ.மீ. ஸ்பேனரில் 15 கிலோ இழுப்பு.

மரை போன கிராங்கு அலுமினியமாக இருந்தால், லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, உள்மரை போட்ட இரும்புப் புஷ் ஏற்றலாம். இடது கிராங்கு மட்டும் தனியாகக் கிடைத்தால் அதை மாற்றுவதே சிக்கனம். எம்சீல் வைத்துப் பெடலை ஒட்டும் வேலை மட்டும் வேண்டாம். பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போதுதான் அது விடும்.

கேள்வி: ஐயா, பலாப்பழம் ஏற்றுகிற பழைய சைக்கிள். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ‘கடக்’ என்று ஒரு தட்டு. காட்டர் பின் நட்டை இறுக்கி இறுக்கி மரை அறுந்துவிட்டது. இது மூன்றாவது காட்டர்.
— பண்ருட்டி வாசகர்

பதில்: காட்டர் பின் போல்ட் இல்லை, கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்பு. ஆப்பை உள்ளே ஏற்ற வேண்டியது சுத்தியல். நட்டு, அது பின்வாங்காமல் இருக்கக் காவல் நிற்கிறது, அவ்வளவுதான். நட்டை வைத்து ஆப்பை இழுக்கப் பார்த்தால் அந்தச் சிறிய மரை தாங்காது.

சுமையைக் கணக்குப் பாருங்கள். 60 கிலோ ஆள் 17 செ.மீ. கிராங்கில் முழு எடையையும் வைத்து நின்றால், மேலே சொன்ன கணக்குப்படி அச்சில் 100 நியூட்டன் மீட்டருக்கு மேல். காட்டரின் சரிவான தட்டைப் பக்கம், அச்சில் வெட்டிய தட்டையோடு முழுதாகப் படிந்திருந்தால்தான் அதைத் தாங்கும். அங்கே நூலிழை இடைவெளி இருந்தாலும் ‘கடக்’.

பழைய காட்டரைக் கடைக்குக் கையோடு கொண்டுபோய், அதே விட்டம் பார்த்து வாங்குங்கள். அச்சையும் துளையையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். கிராங்கை வைத்து, தட்டைப் பக்கம் அச்சின் தட்டையைப் பார்க்கும்படி காட்டரைச் செருகுங்கள். கிராங்குக்கு அடியில், காட்டரின் மரை உள்ளே போகும் அளவுக்கு வாயுள்ள இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளே இருக்கிற குண்டுகளில் இறங்கி, கப்பில் பள்ளம் விழும். அதற்குப் பிறகு அந்தச் சைக்கிள் மிருதுவாக ஓடவே ஓடாது. நான்கைந்து அழுத்தமான அடி போதும். மந்தமாக வந்த சத்தம் ‘டங்’ என்று மாறினால் படிந்துவிட்டது. அப்புறம் வாஷர், நட்டு. சின்ன ஸ்பேனரில் ஒரு கை இறுக்கம்.

மரை போதிய அளவு வெளியே வரவில்லை என்றால் தட்டைப் பக்கத்தை அரத்தால் கொஞ்சம் சீராக ராவலாம், ஆனால் சரிவு மாறக்கூடாது. மாட்டின அன்றே ஒரு நடை சுமை ஏற்றி ஓட்டிவிட்டு, திரும்ப முட்டுக் கொடுத்து இரண்டு அடி, நட்டில் ஒரு இறுக்கு. இந்த இரண்டாம் சுற்று அடியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் மூன்று காட்டருக்கும் அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

இரண்டு காட்டரும் எதிரெதிராக இருக்க வேண்டும். வலது பக்க நட்டு மேலே பார்த்தால் இடது பக்கத்தது கீழே பார்க்கும். இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் பெடல்கள் நேர்க்கோட்டில் நிற்காது. ‘கடக்’ சத்தத்தோடு மாதக்கணக்கில் ஓட்டியிருந்தால் அச்சின் தட்டையே நசுங்கியிருக்கும். விரல் வைத்துத் தடவினால் படி தெரியும்; அப்படியிருந்தால் அச்சை மாற்றாமல் எந்தக் காட்டரும் நிற்காது.

கேள்வி: மகளுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள். வாரம் ஒருமுறை பின் டயர் இடது பக்கக் கம்பியில் உரச ஆரம்பித்து, செயினும் தொங்கிவிடுகிறது.
— நெல்லிக்குப்பம் வாசகி

பதில்: வலது பக்க வீல் நட்டு பிடிக்கவில்லை. செயின் இழுப்பதும் அந்தப் பக்கம்தான். மிதிக்க மிதிக்க அச்சின் வலது முனை முன்னே நகரும், டயர் இடப்பக்கம் சாயும்.

அந்த நட்டுக்கு அடியில் கேரியர் கால், மட்கார்டு கம்பி, ஸ்டாண்ட் என்று அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கும். எல்லாவற்றிலும் பெயின்ட். ஓட ஓட பெயின்ட் நசுங்கி அடுக்கு மெலிகிறது, நட்டு தளர்கிறது. ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றி, தகடுகள் உட்காரும் இடத்தில் திரண்டிருக்கும் பெயின்டையும் துருவையும் சுரண்டிவிடுங்கள். நட்டுக்கு நேர் கீழே பல் வைத்த வாஷர் வரட்டும். செயினை நடுவில் விரலால் தூக்கினால் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. ஆட வேண்டும். சக்கரத்தை நடுவில் நிறுத்தி, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். முடிவில் 20 செ.மீ. ஸ்பேனரில் 15 முதல் 20 கிலோ இழுப்பு, அதாவது 30 முதல் 40 நியூட்டன் மீட்டர். இரண்டு நாள் ஓட்டியதும் திரும்ப ஒருமுறை. நட்டின் மூலை உருண்டிருந்தால் மாற்றிவிடுங்கள். உருண்ட நட்டை ஒழுங்காக முடுக்க யாராலும் முடியாது.

கேள்வி: வீட்டிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம். சைக்கிளில் ஒரு போல்ட் மிச்சமில்லாமல் துரு. எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிடலாமா? சீட் போஸ்ட்டும் அசைய மறுக்கிறது.
— தேவனாம்பட்டினம் வாசகர்

பதில்: எல்லாவற்றையும் வேண்டாம். மட்கார்டு, கேரியர், தண்ணீர் பாட்டில் தாங்கி இவற்றுக்குத் தாராளமாகப் போடலாம். ஸ்டெம், சீட் கிளாம்ப், பிரேக் இவற்றுக்கு யோசிக்க வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ‘ஏ2-70’ ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் இழுவை வலிமை 700 மெகாபாஸ்கல். தலையில் 8.8 என்று பொறித்த இரும்பு போல்ட் 800, 12.9 பொறித்தது 1200. பழைய போல்ட்டின் தலையில் என்ன எண் இருக்கிறதோ அதற்குக் குறையாமல் வாங்குங்கள். எண்ணே இல்லாத பளபளப்பான போல்ட்டை ஸ்டெம்மில் போடுவது அழகுக்காக எடுக்கும் ஆபத்து.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டைக் காய்ந்த நிலையில் வேகமாக முடுக்கினால் மரை ஒன்றோடொன்று ஒட்டிப் பாதியிலேயே நின்றுவிடும். முன்னேயும் போகாது, பின்னேயும் வராது; அறுக்கத்தான் வேண்டும். கிரீஸ் தடவி நிதானமாக ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

சீட் போஸ்ட் கதை வேறு. அலுமினிய போஸ்ட், இரும்பு ஃபிரேம், நடுவில் உப்பு ஈரம். இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து, அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்து, பொடி உப்பி இடுக்கில் இறுகிக்கொள்ளும். கிளாம்ப் போல்ட்டை முழுதாகக் கழற்றி, துருநீக்கி எண்ணெயைச் சுற்றிலும் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் சீட்டையே கைப்பிடியாக வைத்து இடமும் வலமும் திருகிப் பாருங்கள். மேல்நோக்கி இழுப்பதைவிடத் திருகுவதில்தான் அசையும். வெளியே வந்ததும் உள்ளே துடைத்துக் கிரீஸ் பூசுங்கள். உங்கள் இடத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உருவிப் பூச வேண்டியிருக்கும். தேங்காய் எண்ணெய் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது, சில வாரங்களில் பிசுபிசுத்து மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணலில் இறங்கிய அன்று நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: ஒயிட் டவுன் பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் உயரத்துக்கு ஏற்ப ஒரு நாளைக்கு நான்கு முறை சீட்டை ஏற்றி இறக்குகிறோம். கிளாம்ப் மரை மாதம் ஒன்று போகிறது.
— புதுச்சேரி

பதில்: இவ்வளவு தடவை ஏற்றி இறக்கும் இடத்தில் போல்ட் கிளாம்ப் தாங்காது. நெம்புகோல் வைத்த குவிக் ரிலீஸ் கிளாம்ப்புக்கு மாற்றுங்கள். நெம்புகோல் வெளியே நேராக நீட்டிக்கொண்டிருக்கும் நிலையில் தடை தெரிய ஆரம்பிக்க வேண்டும். மூடி முடித்ததும் உள்ளங்கையில் அதன் அச்சு பதிந்திருக்க வேண்டும். சிலர் அதைக் காது வைத்த நட்டு மாதிரி சுற்றிச் சுற்றி முடுக்குவார்கள். அது மூடுவதற்கானது, சுற்றுவதற்கானது இல்லை. உங்கள் பையன்களுக்கு இதை ஒருமுறை காட்டிக்கொடுத்துவிடுங்கள். முன் சக்கரத்தில் இதே தவறு நடந்தால் விளைவு சீட்டோடு நிற்காது.

மாதம் ஒரு கிளாம்ப் போகிறது என்றால் போஸ்ட்டின் அளவையும் பாருங்கள். அடிப்பக்கத்தில் 25.4, 27.2 என்று விட்டம் பொறித்திருக்கும். ஃபிரேமுக்கு வேண்டியதைவிட 0.2 மி.மீ. மெலிந்த போஸ்ட் இருந்தாலும், அதைப் பிடிக்க வைக்க அளவுக்கு மீறி முடுக்க வேண்டிவரும், அதில்தான் மரை போகும். சரியான போஸ்ட்டுக்கு 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் போதும்.

காலையில் முப்பது சைக்கிளுக்கும் ஸ்பேனர் போட நேரமிருக்காது. சரியாக முடுக்கிய ஒவ்வொரு நட்டிலும், நட்டையும் பக்கத்து உலோகத்தையும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு முறிந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. வரிசையாக நடந்துகொண்டே கண்ணால் பார்த்துவிடலாம். கோடு முறிந்ததை மட்டும் ஓரம் கட்டுங்கள்.

கேள்வி: ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதையில் தினமும் ஓட்டுகிறேன். முன் பிரேக் பிடித்தால் ஹேண்டில் ‘டக் டக்’ என்று ஆடுகிறது. மேல் மூடி போல்ட்டை இறுக்கினேன், ஆட்டம் நிற்கவில்லை.
— குயிலாப்பாளையம் வாசகர்

பதில்: ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தாமல் மேல் மூடியை இறுக்கியிருப்பீர்கள். மேல் மூடி எதையும் பிடித்து நிறுத்துவதில்லை. பேரிங்குகளை மேலிருந்து அழுத்தி ஆட்டத்தை எடுப்பது மட்டும் அதன் வேலை. பிடித்து நிறுத்துவது பக்கவாட்டு போல்ட்டுகள்.

அவற்றைத் தளர்த்துங்கள். மேல் மூடி போல்ட்டைக் கால் சுற்று முடுக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்து, இன்னொரு கையால் ஃபிரேமும் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் சேரும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஆட்டம் நிற்கும் வரை கால் கால் சுற்றாக. பிறகு முன் சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில் தன் பாரத்திலேயே இரு பக்கமும் சாய வேண்டும். சிக்கி நின்றால் அதிகமாகிவிட்டது. கடைசியில் ஹேண்டிலை நேராக்கி, பக்கவாட்டு போல்ட் இரண்டையும் மாற்றி மாற்றி 5 முதல் 6 நியூட்டன் மீட்டருக்கு முடுக்குங்கள்.

மூடி முழுதாக இறங்கியும் ஆட்டம் இருந்தால், ஃபோர்க் குழாயின் மேல்முனை ஸ்டெம்மின் விளிம்பு வரை வந்து மூடியை முட்டுகிறது. அது விளிம்புக்கு 3 மி.மீ. கீழே நிற்க வேண்டும். ஒரு மெல்லிய ஸ்பேசர் வளையம் போட்டால் தீர்ந்தது.

கேள்வி: ஸ்பிரிங் வாஷர் போட்டால் நட்டு கழலாதுதானே?
— வில்லியனூர்

பதில்: பரவலான நம்பிக்கை. சரியாக முடுக்குவதற்கு வெகு முன்பே அது தட்டையாகிவிடும். அதற்குப் பிறகு சாதாரண வாஷர்தான். ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் காட்டியபடி, நட்டை முக்கியமாகக் கழற்றுவது பாகங்கள் குறுக்காக நழுவும் அசைவு. நழுவாத அளவுக்குப் பிடிப்பு இருந்தால் நட்டு நிற்கும். மட்கார்டு மாதிரி மெல்லிய தகட்டில் அவ்வளவு முடுக்க முடியாது. அங்கே உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு போடுங்கள்.

கேள்வி: போல்ட்டைப் பூட்டும் திரவம் நீலத்திலும் சிவப்பிலும் கிடைக்கிறது. டிஸ்க் பிரேக் தட்டுக்கு எது?
— லாஸ்பேட்டை

பதில்: நீலம். சிவப்பு போட்டால் சூடுகாட்டாமல் கழற்ற முடியாது. எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் மரையைத் துடைத்து ஒரு சொட்டு. ஒரு நாள் ஆறவிட்டு ஓட்டுங்கள். திரவம் தட்டின் முகத்தில் படக்கூடாது. போல்ட்டுகளை நட்சத்திர வரிசையில், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள். பெரும்பாலும் 4 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். இங்கே கிரீஸ் வேண்டவே வேண்டாம்.